ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் கம்பவுண்டர்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் நல்ல மனுஷர் என்பாள் என் மனைவி. எதற்காகச் சிரித்தார் என்று யோசிப்பேன் நான். எண்பதுகளின் பின்பாதியில் கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு சுகாதார நிலையத்துக்கு மருந்து கொடுக்கும் வேலைக்கு என்னை மாற்றியபோதும், இது யார் பார்த்த வேலை என்றுதான் முதலில் யோசித்தேன். கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். மலை என்றால் பஸ் ஜன்னலில் தூரத்தில் நீலமாகத் தெரியும் ஒன்று, அவ்வளவுதான். இடுப்பில் கைக்குழந்தையோடு அவளும், தலையில் டிரங்குப் பெட்டியோடு நானும் கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மேலே போய் இறங்கியபோது, ஊரே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நாங்கள் பயப்பட ஒரு காரணம் இருந்தது. அதை மறைத்துவிட்டு மேலே சொன்னால் எதுவும் விளங்காது. என் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் கர்த்தரை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று எனக்கு உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வேறு பெயரைக் கொடுத்து, மதத்துக்கு நேராக இந்து என்று எழுதி வைத்தார். எங்கள் சேரியில் பிறந்தவன் இந்துவாக இருந்தால் தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு உண்டு, கிறித்தவன் என்றால் கிடையாது. சாமியை மாற்றியதால் சேரி மாறவில்லை, டீக்கடையில் எங்களுக்கு வைத்திருந்த தனிக் கிளாஸும் மாறவில்லை. காகிதத்தில் மட்டும் மாறிவிட்டது என்றார்கள். இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். எது எப்படியோ, அப்படி வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துத்தான் படித்தேன், அதை வைத்துத்தான் வேலைக்கு வந்தேன். நான் முழங்காலில் நிற்பதை ஒரு அதிகாரி பார்த்துவிட்டால் வேலை போய்விடும், பொய்ச் சான்று கொடுத்ததாக வழக்கும் வரும்.

அதனால் மலைமேல் எங்கள் வீட்டில் பைபிள் அரிசிப் பானைக்குள் இருந்தது. என் மனைவி குழந்தையைத் தூங்க வைக்கும்போது கீர்த்தனையின் ராகத்தை மட்டும் முனகுவாள், வார்த்தை வராது. அவள் என்னைவிடப் பக்தி ஜாஸ்தி உள்ளவள். நாலு மாதம் பொறுத்தாள். ஐந்தாவது மாதம், இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். மலையின் வடக்குச் சரிவில், ரோடு போட வந்து அங்கேயே தங்கிவிட்ட நான்கு கிறித்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. தகரம் போட்ட ஒரு ஜெபவீடு இருக்கிறது. ஒரு வயதான உபதேசியார் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துகிறார்.

"நம்ம மூணு பேரும் போனா ஊரு கண்ணுல படும். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள். "எனக்கும் சேத்து கேட்டுக்கினு வந்து சொல்லுங்க. இல்லன்னா என் ஆத்துமா காஞ்சே பூடும்."

போக இரண்டரை மணி நேரம், வர மூன்று. சுகாதார நிலையத்தின் பின்னால் சாமைக் கொல்லைகளைக் கடந்து ஓடைக்கு இறங்க வேண்டும். ஓடையைத் தாண்டினால் கடுக்காய் மரங்களுக்கு நடுவே செங்குத்தான ஏற்றம், அதற்கு மேல் ஒரு வழுக்குப் பாறை. அங்கிருந்து வடக்கே பார்த்தால் தகரக் கூரை மின்னும். முதல் ஞாயிறு நான் அந்தப் பாறையை உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தேன். வேட்டியின் பின்பக்கம் கிழிந்துவிட்டது. ஆராதனை முழுக்க எழுந்து நிற்கவே இல்லை. மற்றவர்கள் என் பக்தியை மெச்சியிருப்பார்கள். மணலில் நடந்து பழகிய காலுக்குக் கல்லில் நடக்க ஒரு வருடம் பிடித்தது. பிறகு எனக்கே அந்த நடை பிடித்துப்போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது சந்தேகப்பட நேரம் இருக்காது.

கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பொய் தயாரித்தேன். "சும்மா நடக்கப் போறேன், உடம்புக்கு நல்லது." பொய்களிலேயே மட்டமான பொய் அதுதான் என்று பிறகுதான் புரிந்தது. அந்த மலையில் யாரும் சும்மா நடப்பதில்லை. தலையில் புளி மூட்டை இருக்கும், இல்லை சாவுச் சேதி இருக்கும், இல்லை பெண் பார்க்கப் போவார்கள். கையில் ஒரு டிபன் டப்பாவோடு, வாரம் தவறாமல், ஒரே நேரத்தில் ஒரு அரசாங்க ஆள் காட்டுக்குள் போகிறான் என்றால் என்ன அர்த்தம்? டப்பாவுக்குள் எலுமிச்சை சாதத்துக்கு அடியில் புதிய ஏற்பாடு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. இன்றும் என் யோவான் சுவிசேஷத்தைத் திறந்தால் தாளித்த வாசனை வரும்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருவன் என் பின்னால் வர ஆரம்பித்தான். நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறத் துண்டு, தோளில் கொடுவாள். மலைக்காரர்களில் ஒருவன்தான். தேள் கொட்டியது என்று எங்களிடம் இரண்டு முறை வந்திருக்கிறான். நான் நடந்தால் நடந்தான், நின்றால் நின்றான், உட்கார்ந்தால் பீடி பற்றவைத்தான். இரண்டாவது வாரம் ஓடையில் வைத்துக் கேட்டே விட்டேன்.

"இன்னாய்யா, எங்க போற?"

"மாடு தேடிக்கினு போறன் சார்."

"உன்கிட்டதான் மாடே இல்லயே?"

"அதான் தேடறன்" என்றான், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். யாரோ பணம் கொடுத்து ஏவிவிட்டிருக்கிறார்கள் என்றேன். என் மனைவி சுருக்கமாக, "கேட்டுட வேண்டியதுதான இன்னா வேணும்னு" என்றாள். அவளுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். ஏழெட்டு வாரம் அவன் வந்தான். ஜெபவீட்டுக்கு ஒரு பர்லாங் முன்னால் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் பாட்டுக்கு நடுவே திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் அந்தச் சாம்பல் துண்டு தெரிந்தது. பாட்டுப் புஸ்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. வந்தபோது பட்ட பயத்தைவிட வராதபோது பட்ட பயம் ஜாஸ்தி. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு போய்விட்டான், இனி எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்வான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கீழே ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று சமவெளியின் பெரும்பான்மைச் சாதிக்காரர்கள் ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, தபால் நின்றது. மருந்துப் பெட்டி வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்த நான், வடக்கனந்தலுக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டேன். விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"நீங்க இன்னா ஆளு?"

"கம்பவுண்டர்."

"அது வேலப்பா. கம்பவுண்டர்ல இன்னா ஆளு?"

எந்தப் பதிலைச் சொன்னாலும் அதில் பாதி பொய், மீதி பாதியால் அடி விழும். கூட்டத்தில் ஒருவர், "மருந்து எத்துக்கினு போறாரு, வுடுங்கய்யா" என்றார். விட்டார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரம் வரை நடந்து, அங்கிருந்து மலையேறினேன். அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான்: யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், யார் பங்கை யார் தின்கிறார்கள், எவனுடைய சான்றிதழ் போலி. பெயர் போடாத மொட்டைக் கடிதாசிகள் ஆபீஸ் ஆபீஸாகப் பறந்தன. அதில் ஒன்று என்மேல் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்தது போலவே நடந்தது.

மரங்களை அகற்றிச் சில மாதங்கள் கழித்து, கீழேயிருந்து ஆர்.ஐ. வந்தார். வருவாய்த் துறைக்காரர், சாதிச் சான்றை விசாரித்து எழுத வேண்டியவர். அன்று பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதால் நடந்தே வந்திருந்தார். புதுச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலும் கொப்பளித்திருந்தன. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி வந்தவனைப் பார்த்தேன். அதே சாம்பல் துண்டு.

என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டேன். கொப்பளத்துக்கு மருந்து வைத்துக் கட்டினேன். காலை என் மடியில் வைத்துக்கொண்டே அவர் விசாரணையை ஆரம்பித்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க மேல ஒரு பெட்டிஷன். நீங்க கிறிஸ்டியன், வாராவாரம் மலைக்கு அந்தாண்ட ஜெபத்துக்குப் போறீங்கன்னு எழுதியிருக்குது. ஞாயித்துக்கிழமையில வூட்டுல இருக்க மாட்டீங்களாமே? நெஜமா?"

நடக்கப் போகிறேன், உடம்புக்கு நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். வாசற்படியில் என் மனைவி குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது.

"ஜெபத்துக்கா?" என்று துண்டுக்காரன் சிரித்தான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நல்லாச் சொன்னாங்க போ. அவரு சரக்குக்குப் போறாருங்க. எங்காளுங்க காச்சற எடத்துக்கு. எங்கன்னு கேக்காதீங்க, அத்த மட்டும் சொல்ல மாட்டன். வாரம் பூரா மருந்து வாடையில நின்னுக்கினு இருக்காரு, ஒருநாளு வேணாமா?"

அந்த மலையில் சாராயம் காய்ச்சுவது ஊருக்கே தெரியும், ஆர்.ஐ.க்கும் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்தார். என்னைப் போலவே சந்தேகக்காரர் போலிருக்கிறது.

"அப்படியா? கைவசம் இருந்தா கொண்டாயேன். சாரும் நானும் சேந்து சாப்புடறோம்."

அவன் போய் ஒரு பாட்டிலோடு வந்தான். மூட்டு வலிக்கு மருந்து கலக்கும் கண்ணாடி அவுன்ஸ் கிளாஸைத் தவிர என்னிடம் வேறு கிளாஸ் இல்லை. ஆர்.ஐ. அதில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க மொதல்ல."

எங்கள் சபையில் குடிக்கிறவனுக்குத் திருவிருந்து கிடையாது, அப்பமும் ரசமும் அவனைத் தாண்டிப் போய்விடும். என் அப்பா, தாத்தா யாரும் தொட்டதில்லை. நான் அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை நினைத்தேனா, ஆண்டவரை நினைத்தேனா என்று சத்தியமாகத் தெரியாது. மனைவியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் தலையசைத்தால் கீழே வைத்துவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று ஒரு கணம் தீர்மானித்தேன். என்னைவிட அவளுக்கு விசுவாசம் அதிகம், அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் உள்ளே போனாள். ஒரு தட்டில் எலுமிச்சை ஊறுகாயோடு வந்தாள்.

"ஊறுகா இல்லாம அவருக்கு எறங்காதுங்க" என்று ஆர்.ஐ.யிடம் சொல்லி, தட்டை என் பக்கத்தில் வைத்தாள்.

குடித்துவிட்டேன். நெஞ்சு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, இருமல் வந்தது. "புதுச் சரக்கு, காரம் ஜாஸ்தி" என்று துண்டுக்காரன் சமாளித்தான். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆர்.ஐ. பேனாவைத் திறந்தார். நான் கிறித்தவ மதத்தைப் பின்பற்றுபவன் அல்ல என்று வாக்குமூலம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தார். "குடின்னு எழுதினா உங்களுக்கு வேற தொந்தரவு. நடைப்பயிற்சின்னு போட்டுடறேன்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சியாகத் துண்டுக்காரன் இடது பெருவிரலை மையில் ஒற்றி உருட்டினான். எழுதத் தெரியாதவன் கடிதாசி எழுதியிருக்க முடியாதே என்று அப்போதுதான் தோன்றியது. யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருக்கலாமே என்று உடனே இன்னொரு நினைப்பு. என் புத்தி அப்படி. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஆர்.ஐ. போன பிறகு அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவன் கையை உருவிக்கொண்டான்.

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லல சார். நீங்க மொத மொத நடக்க ஆரம்பிச்சப்ப, போலீசுக்கு வேவு பாக்கற ஆளுன்னு ஊருல முடிவே கட்டிட்டாங்க. என்னதான் பின்னாடியே போவச் சொன்னாங்க. நாலு வாரம் உங்களுக்குத் தெரியாம சன்னலாண்ட நின்னன். பாட்டு பாடிக்கினு, அழுதுக்கினு இருந்தீங்க. போலீசுக்கு வேல செய்யறவன் இவ்ளோ நேரம் அழ மாட்டான்னு உட்டுட்டன்."

"அப்புறம் ஏன் இப்ப வந்து காப்பாத்தின?"

"எங்க சரக்க நீங்க குடிச்சீங்கன்னு இப்ப அரசாங்க ஆளு முன்னாடியே ஆயிப்போச்சா? இனிமே நீங்க எங்களக் காட்டிக் குடுக்க முடியாது இல்ல" என்று சொல்லிவிட்டு மீதி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான்.

ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தவனின் கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மனைவி அந்த ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அடுத்த ஞாயிறு உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேதுருவும் மறுதலித்தான், அழுதான், மன்னிக்கப்பட்டான் என்று ஆறுதல் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, பாட்டுப் புஸ்தகத்த எடு" என்றார்.

அதன் பிறகு எங்கள் பயம் விட்டுப்போனது. ஞாயிறு காலையில் நான் எல்லோர் முன்னாலும் நடந்தேன். "இன்னா கம்பவுண்டரே, கெளம்பியாச்சா? எங்களுக்கும் கொஞ்சம் வெச்சிட்டு வாங்க" என்று கொல்லையிலிருந்து கத்துவார்கள். நானும் கை காட்டிவிட்டுப் போவேன். இதைவிடப் பத்திரமான மறைப்பு கிடைக்காது என்று பெருமைகூடப் பட்டேன். இன்னொரு பெட்டிஷன் வந்தாலும் வரட்டும் என்று, கள்ளக்குறிச்சிக்குப் போன ஒருநாள் என் மனைவி ஒரு முருகன் படம் வாங்கி வந்து, வருகிறவர்கள் கண்ணில் படும் சுவரில் மாட்டினாள். பொட்டும் வைத்தாள்.

மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. குழந்தை வாய், எங்கே எதை உளறும் என்று தெரியாது. பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். உங்கப்பன் குடிகாரன் என்று அங்கே பிள்ளைகள் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் என் பக்கத்தில் படுத்திருந்தவள் மூக்கை என் வாயருகே கொண்டுவந்து மோந்து பார்த்தாள். நான் தூங்குவது போலப் படுத்திருந்தேன். பெற்ற மகள் என்னைச் சந்தேகப்பட்டது வலித்தது. என்னிடமிருந்து போன குணம்தானே, யாரைக் குறை சொல்வது?

அவளுக்கு ஆறு வயது. ஒரு ஞாயிறு காலை, நான் வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளையும் கூப்பி நின்றிருந்தாள். யாரும் அவளுக்கு அப்படி நிற்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"முருகா, எங்கப்பா இன்னிக்கிக் குடிக்கப் போவக்கூடாது. தெனமும் கேக்க மாட்டன். இன்னிக்கி மட்டும்."

நான் அங்கேயே நின்றேன். வடக்குச் சரிவில் அந்த நேரத்துக்குப் பாய் விரித்திருப்பார்கள். ஓடி உள்ளே போய் அவளைத் தூக்கி, அப்பா குடிக்கிறவன் இல்லை கண்ணு, அப்பா போவது வேறு இடம் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்ல முடியவில்லை. நாங்கள் சுவரில் மாட்டி வைத்ததை நம்பி ஒருத்தி இவ்வளவு உண்மையாக ஜெபம் செய்கிறாள். இப்படி ஒரு ஜெபத்தை நான் எப்போது செய்தேன் என்று எனக்கே நினைவில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள், அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பா போவல! சாமி கேட்டுக்கிச்சும்மா!"

என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்றாள். முருகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையின் முகத்தைப் புடவையால் துடைத்துவிட்டாள்.

"ஆமாண்டி கண்ணு, கேட்டுக்கிச்சி" என்றாள்.